பொங்கலுக்கு முன்னால் வந்துவிடு

பாலக்கோடு
கார்த்திகை 12

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு விழாவில் போட்ட சால்வைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். என்னிடமும் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது, அதனால் என் தலையில் கட்டிவிடலாம் என்று நினைக்காதே. கனமாக இருப்பதில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவா, இங்கே குளிருக்கு ஆகும்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்கு மூட்டு வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மகன் ஓசூரில்தான் இருக்கிறான், ஞாயிறானால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். போன வருடம் தக்காளி போட்டோம். விலை சரிந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியோடு விட்டுவிட்டோம். இந்தத் தடவை சாமந்தி. அதுவும் சூதாட்டம்தான், ஆனால் பார்க்கவாவது அழகாக இருக்கிறது.

சரி, உன் பயணத்துக்கு வருகிறேன். நீ எழுதி அனுப்பிய பட்டியலை இவரிடம் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை காலை ஒகேனக்கல், மத்தியானம் அதியமான்கோட்டை, சாயங்காலம் கிருஷ்ணகிரி அணை. ஞாயிறு தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, முடிந்தால் தீர்த்தமலை. 'இதுக்கு அவங்க எதுக்கு வரணும், டிரைவர் மட்டும் வந்து பார்த்துட்டுப் போய்ச் சொன்னா போதாதா' என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கிறது. ஒகேனக்கல் தர்மபுரிக்கு மேற்கே 46 கிலோமீட்டர். தளி ஓசூரையும் தாண்டி, கர்நாடக எல்லையில். தீர்த்தமலை நேர் எதிர்த்திசையில், அரூருக்கும் அப்பால். பட்டியல் முழுவதையும் முடித்தால் உனக்கு நினைவிருக்கப்போவது சுங்கச்சாவடிதான்.

எனவே பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு என் வீட்டில் ஒரு வாரம் வந்து இரு. நாள் ஒன்றுக்கு ஓர் இடத்துக்கு மேல் இல்லை. நடுவில் எங்கேயும் போகாத நாளும் உண்டு. ரிசார்ட் பேச்சை எடுத்தால் கோபம் வரும்.

எப்போது வருவது என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாம்பழத்துக்காக மே மாதம் வரலாமா என்று கேட்டிருந்தாய். செந்தூராவும் மல்கோவாவும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் நீ திண்ணையை விட்டு இறங்க மாட்டாய். கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசை கட்டும் நேரம் வேறு. மாம்பழத்தை நான் பார்சல் போட்டு விடுகிறேன். ஆடிப்பெருக்குக்கு வந்தால் ஒகேனக்கல்லில் தண்ணீர் இருக்கும், ஆனால் கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டால் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறும், உடனே பரிசலும் கூடாது, குளியலும் கூடாது என்று கலெக்டர் தடை போட்டுவிடுவார். கரையில் நின்று டிவியில் பார்த்ததையே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டிசம்பர் தொடக்கத்தை நம்ப முடியாது. 2024இல் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருப்பாய். டிசம்பர் கடைசியில் அரைப் பரீட்சை லீவு, எங்கே பார்த்தாலும் வேன்.

ஆகவே ஜனவரியில், பள்ளிக்கூடம் திறந்த பிறகு, பொங்கலுக்கு முன்னால். அப்போது கூட்டம் இருக்காது, மழையும் விட்டிருக்கும். அவரைக்கொட்டை சந்தைக்குக் குவியல் குவியலாக வரும் நேரமும் அதுதான். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஒகேனக்கல்லுக்கு செவ்வாய் அல்லது புதன் போகலாம். தர்மபுரி சுற்ற வேண்டாம், எங்கள் ஊரிலிருந்து பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியாகவே சாலை இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் பத்து நிமிடம் இறங்கலாம். சுப்பிரமணிய சிவா இறந்தது அங்கேதான், 1925 ஜூலையில். தொழுநோய் வந்தவர் என்று ரயிலில் ஏறவிடாமல் செய்தும், நடந்தே ஊர் ஊராகப் பேசிய மனிதர். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அங்கே நிலம் வாங்கிப்போட்டார். நினைவாலயம் திறந்தது 2021இல். அதற்குள் ஏறக்குறைய நூறு வருடம் ஓடிவிட்டது.

அருவியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதே. ஜனவரியில் செய்திகளில் காட்டுகிற அந்த ஆர்ப்பரிப்பு இருக்காது. தண்ணீர் பாறை இடுக்குகளில் பிரிந்து பிரிந்து விழும், பாறையின் கறுப்பு நன்றாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும். பரிசல் பயமில்லாமல் போகும். ஏறும்போது விளிம்பை மிதிக்காதே, நேராக நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் ஷீட் போட்டுத் தார் பூசிய கூடைதான் அது. ஒரு பக்கம் பாரம் சாய்ந்தால் எல்லோரும் சாய்வோம். பாறைச் சுவர்களுக்கு நடுவே போனதும் பரிசல்காரர் 'சுத்திக் காட்டட்டுங்களா அக்கா' என்று கேட்பார். நீ வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் சரி என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் நடுவிலேயே இன்னொரு பரிசலில் பிஸ்கட், கூல்டிரிங்ஸ் விற்றுக்கொண்டு வருவார்கள். இந்த வயதில் எண்ணெய் மசாஜ் எல்லாம் நமக்கு வேண்டாம், இவர் செய்துகொள்வார்.

அங்கே ஹோட்டலில் சாப்பிடக் கூடாது. மீன் மார்க்கெட்டில் மீனை நாமே பார்த்து வாங்கி, சமைத்துத் தருகிற அம்மாக்களில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய் இவ்வளவு, மிளகாய்த்தூள் இவ்வளவு, புளி இவ்வளவு என்று ஒரு சீட்டுச் சொல்வார், அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போய்விடலாம். திரும்பி வரும்போது சோறும் குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். கூலியை முன்னாலேயே பேசிவிடு. பேசாவிட்டாலும் அநியாயமாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் நீ கூடுதலாகக் கொடுத்துப் பழக்கிவிடுவாய்.

தண்ணீர் கேன் கொண்டுவரலாமா என்று எழுதியிருந்தாயே, அதற்கும் ஒகேனக்கல்தான் பதில். நம் காலத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும், ஹாஸ்டலில் கேலி செய்வார்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் வந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு ஊர் ஊராகக் காவிரித் தண்ணீர் போகிறது. எங்கள் வீட்டுக் குழாயிலும் அதுதான். கேனைச் சுமக்காதே.

வத்தல்மலைக்கு ஒரு நாள். தர்மபுரியிலிருந்து 25 கிலோமீட்டர் போல இருக்கும், வளைந்து வளைந்து ஏறும் பாதை. அந்தத் தார்ச்சாலை போட்டே ரொம்ப வருடம் ஆகவில்லை; முன்பெல்லாம் மலைக்காரர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துதான் இறங்கினார்கள். மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. ஜனவரியில் பழம் சிவந்து, பறித்து வாசலில் காயப்போட்டிருப்பார்கள். பார்வையிடம், பூங்கா என்று அதிகம் எதிர்பார்க்காதே. வெயில் ஏறும்வரை ஒரு பாறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாமை கிடைத்தால் வாங்கிக்கொண்டு இறங்கலாம்.

ராயக்கோட்டைக்குக் காரில் போக வேண்டாம். பாலக்கோட்டிலேயே பாசஞ்சர் ரயில் ஏறலாம். மாரண்டஅள்ளி தாண்டினால் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும், ஜன்னல் சீட்டுக்காகவாவது அதில் போக வேண்டும். கோட்டை மலை உச்சியில் இருக்கிறது. 1791இல் திப்புவோடு நடந்த சண்டையில் வெள்ளைக்காரர்கள் பிடித்த கோட்டை. நம் முழங்காலுக்குப் பாதி மலை போதும். அந்த வருடத்துச் சண்டைகளைப் பற்றி இவரிடம் மட்டும் வாயைத் திறக்காதே, இந்தப் பக்கத்தின் பழைய பெயரான பாராமகால், அதை நிர்வகித்த வெள்ளைக்காரர்கள் கர்னல் ரீடு, மன்றோ என்று ஆரம்பித்தால் ரயில் திரும்பி வரும்வரை நிறுத்த மாட்டார்.

தளி, தேன்கனிக்கோட்டை பற்றி. குட்டி இங்கிலாந்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீ ஆசைப்படுகிறாய். இப்போது போனால் வரிசையாக ரோஜாப் பசுமைக்குடில்கள்தான் தெரியும். பிப்ரவரி காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற ரோஜா அங்கிருந்துதான் கிளம்புகிறது. குளிர் இருக்கிறது, சாலை அழகு, அவ்வளவுதான். பெட்டமுகிலாளம் என்றால் சரி, அந்த மலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ராகி அறுவடையை ஒட்டி பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கி மாதக்கணக்கில் இந்தப் பக்கத்துக் காடுகளில் சுற்றும். இரவெல்லாம் பரண் மேல் உட்கார்ந்து ராகிக்குக் காவல் இருக்கிறவர்களைக் கேட்டால், வேடிக்கை பார்க்கிற ஆசையே போய்விடும். போவதானால் விடிந்த பிறகு கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். மகன் வண்டி ஓட்டுவான். வழியில் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை எட்டிப் பார்க்கலாம், சின்ன வீடுதான். கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போக மாட்டேன். மேலே நகரத்திலிருந்து வருகிற கழிவில் தென்பெண்ணை நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது, பார்த்தால் வயிறு எரியும்.

அதியமான்கோட்டைக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறேன், தேய்பிறை அஷ்டமி இல்லாத நாளாக. அன்றைக்கு காலபைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்கு ஏற்றுகிற கூட்டத்தில் நுழையவே முடியாது. நமக்கு வேண்டியது சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்கள். கழுத்து வலிக்கப் பார்க்கலாம். தர்மபுரி கோட்டைக் கோயிலையும் அதோடு முடித்துவிடலாம், தரையைத் தொடாத தூணுக்கு அடியில் நீயும் ஒரு துணியை விட்டு இழுத்துப் பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

மற்ற நாள் வீட்டில்தான். முதல் நாள் ராத்திரியே அவரைக்கொட்டையை ஊறப்போட்டுவிடுவேன். காலையில் ஆளுக்கு ஒரு கிண்ணம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து, தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும். முதலில் பாதி தரையில்தான் விழும். பிதுக்கிப் பிதுக்கி விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும், வாய் மட்டும் ஓயாது. நாம் பேச வேண்டியதெல்லாம் அப்போது பேசி முடித்துவிடலாம். பிதுக்கம்பருப்புக் குழம்புக்குக் களிதான். நொய்யைக் குழைய வேகவிட்டு, ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டி, மாவு வெந்த பிறகு துடுப்பால் கட்டியில்லாமல் கிளற வேண்டும். நீ கிளறுகிறேன் என்று வராதே, துடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். உருண்டையைக் குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் எங்கள் மாமியார் சிரிப்பார்கள்.

மொரப்பூரில் நிற்கிற ரயிலாகப் பார்த்து டிக்கெட் போடு, வண்டி அனுப்புகிறேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரைக்கும் ஒரு காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது, யுத்த காலத்தில் 1941இல் நிறுத்திவிட்டார்கள். அது இருந்திருந்தால் உன்னை அதில்தான் வரச் சொல்லியிருப்பேன். திரும்பிப் போகிற டிக்கெட்டுக்குக் கவலைப்படாதே. பொங்கலுக்கு எல்லோரும் சென்னையைவிட்டு வெளியே வருகிற நேரத்தில் நீ உள்ளே போவாய்.

பொங்கல் முடிந்து எருது விடும் விழா பார்க்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ, எனக்குச் சந்தோஷம்தான். தனியாக வருகிறாயா, தங்கையையும் கூட்டி வருகிறாயா என்று உடனே எழுது. அவள் மீன் சாப்பிடுவாளா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
கோமதி