பி16 பாசிட்டிவ் என்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டுரையை எங்கள் வீட்டில் நான்கு பேர் படித்தோம். அதில் ஒரு குறை, ஒரு பிழை. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்பிவி வைரஸால் இந்த நோய் வருகிறது என்று எழுதியவர், எப்படி வருகிறது என்பதற்கு ஒரு பத்தி கூட ஒதுக்கவில்லை. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைத்தே குடும்பத்தைக் கரையேற்றியவள். மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து உதிரம் பட்டபோது, சூடு என்று இளநீர் குடித்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். அப்புறம்தான் சதைப் பரிசோதனை. ரிப்போர்ட்டின் கடைசி வரி, 'பி16 பாசிட்டிவ்'. பார்த்த மருத்துவர், இது தாம்பத்திய உறவில் தொற்றும் வைரஸால் வருவது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மைனி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது எனக்கு யாரு தந்தது மோளே?" அண்ணன் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கேள்விக்குப் பதில் அந்த பி16இல்தான் தொடங்குகிறது. நம் செல்லில் ஆர்பி என்றொரு புரதம் உண்டு. செல்லைப் பெருகச் சொல்லும் ஈ2எஃப் என்ற புரதத்தை அது பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்வது பி16 என்ற புரதத்தின் வேலை. வைரஸின் ஈ7 புரதம் வந்து ஆர்பியோடு ஒட்டி அதை அழிய வைக்கிறது. ஈ2எஃப் அவிழ்ந்து ஓடுகிறது. செல்லோ பி16ஐ மேலும் மேலும் உண்டாக்குகிறது. மலைப்பாதை இறக்கத்தில் ஒயர் அறுந்த பிரேக்கை டிரைவர் மிதிக்கிற கதைதான். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. இப்படிக் குவிந்த பி16தான் ஆய்வகச் சாயத்தில் பழுப்பாகத் தெரிகிறது.

இப்படித் தறிகெட்ட செல்லை நிறுத்தவோ சாகடிக்கவோ பி53 என்ற காவல் புரதம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கட்டுவது வைரஸின் இன்னொரு புரதமான ஈ6. ஈ6 கையில் ஆயுதம் கிடையாது. நம் செல்லின் நொதி ஒன்றையே கூட்டுச் சேர்த்து, பி53 மேல் 'கழிவு' என்று முத்திரை குத்த வைக்கிறது. மீதியைச் செல்லின் குப்பை அரவை இயந்திரமே முடித்துவிடும். நம் வீட்டு அரிவாளை எடுத்தே நம் காவல்காரனை வெட்டுகிற வேலை.

ஆனால் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானோர் உடம்பு ஓரிரு வருஷத்தில் வைரஸை விரட்டிவிடும். வைரஸுக்குள்ளேயே ஈ2 என்றொரு புரதம் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கி வைக்கும். சிலருக்கு மட்டும் வைரஸ் வருஷக்கணக்கில் தங்கி, அதன் வட்ட டிஎன்ஏ அறுந்து நம் குரோமோசோமில் செருகிக்கொள்கிறது. அறுபடுவது பெரும்பாலும் ஈ2 இருக்கும் இடத்தில். பிறகு அடக்க ஆள் இல்லை. இதில் வைரஸுக்கும் லாபம் இல்லை, அப்படிச் செருகிக்கொண்டது குட்டி போடாது! 1951இல் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் ஈ2வைத் திரும்பச் செலுத்தினால் பி53 தலைதூக்கி, செல்கள் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவை அந்த இரண்டு புரதங்களை நம்பித்தான் இருக்கின்றன.

தொற்றிலிருந்து புற்றுநோய் வரை பத்து, இருபது வருஷம் ஆகலாம். தாம்பத்திய வாழ்க்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோரை ஏதோ ஒரு ஹெச்பிவி எப்போதாவது தொட்டுவிட்டுத்தான் போகிறது. யார், எப்போது என்று கணக்குப் பார்க்க வழியே இல்லை. அன்று ராத்திரி ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் படம் போட்டு இதைச் சொன்னபோது, அண்ணனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனைக்கு வண்டி பிடித்தது அவர்தான்.

முப்பது வயதுக்கு மேல் செய்யும் பரிசோதனை பற்றி உங்கள் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. நோய் முற்ற எடுக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் அதற்கு வாய்ப்புத் தருகிறது என்பதை மட்டும் சேர்த்திருக்கலாம்.

சரி, பிழைக்கு வருகிறேன். 'வீரியம் குறைத்த வைரஸ்தான் தடுப்பூசியில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அதில் இருப்பது எல்1 என்ற, வைரஸின் மேலோட்டுப் புரதத்தால் ஆன வெற்றுக்கூடு. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்கில் அந்தப் புரதத்தை ஈஸ்டில்தான் வளர்க்கிறார்கள். கூட்டுக்குள் டிஎன்ஏ கிடையாது. ஆகவே ஈ6, ஈ7 உண்டாக வழியே இல்லை. இந்த நோயில் நூற்றுக்கு எழுபது 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகை ஹெச்பிவியால் வருபவை. அந்த இரண்டையும் இந்த ஊசி தடுக்கிறது.

மைனியின் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. சிகிச்சை முடிந்து வந்த மைனி, பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மருமகளோ, வைரஸை யாராவது பிள்ளை உடம்பில் ஏற்றுவார்களா என்று உங்கள் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுகிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள், அச்சில் வந்ததைத்தான் நம்புவாளாம். அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்