டியூப் மாத்துறதுக்கு முன்னாடி ஓட்டைய பாரு கண்ணு

கண்ணு,

பெங்களூர்ல மறுபடியும் சைக்கிள் பின் டயர் எறங்கிருச்சு, கடைக்காரர் புது டியூப் போட்டு குடுத்துட்டார்னு சொன்னியே, அதுதான் அப்பாவுக்கு மனசு ஒப்பல. எதனால எறங்குச்சுன்னு பாக்காம டியூப் மாத்துனா புது டியூப்பும் அதே எடத்துல போயிரும்.

அடுத்த தடவை டியூப்ப உருவறப்போ வால்வு டயர்ல எந்த எழுத்துக்கு நேரா இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கோ, அப்பறம் காத்தடிச்சு பக்கெட் தண்ணில முக்குனா குமிழி வர்ற எடம் தெரியும், அதுக்கு நேரா டயரோட உள்பக்கத்த துணி வச்சு மெதுவா தடவு, வெறும் விரல் வேண்டாம், கிழிச்சிரும். ஓட்டை தரைய பாத்த பக்கமா இருந்தா முள்ளோ கண்ணாடியோ கம்பியோதான். நம்ம ஊர் ஏரிக்கரைல சீமைக்கருவேல முள்ளு முனை ஒடிஞ்சு டயருக்குள்ளயே நின்னுக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. நீ ஹைவேஸ் ஓரமா போறவ, லாரி டயர் வெடிச்ச எடத்துல முடி மாதிரி மெல்லிசு கம்பி செதறி கெடக்கும், அது கண்ணுக்கே படாது, புடுங்குற வரைக்கும் பஞ்சர் ஆயிட்டே இருக்கும்.

ரிம் பக்கமா ஓட்டை இருந்தா ரிம்முக்குள்ள ஸ்போக்ஸ் முனைய மூடியிருக்கற பட்டை, அதான் ரிம் டேப், வெலகி கம்பி முனை குத்துது, டேப்ப மாத்து. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மி, பள்ளத்துல எறங்குறப்போ டியூப் ரிம்முல நசுங்குது. வால்வு அடில கிழிஞ்சாலும் பாதி நேரம் காத்து கம்மியா ஓட்டுனதுதான், டயர் நழுவி டியூப்ப இழுத்துரும். எவ்வளவு அடிக்கணும்னு டயர் சைடுலயே போட்டிருக்கும். ஓட்டை இல்லாட்டியும் ரப்பர் வழியா காத்து கொஞ்சம் கொஞ்சமா போகும், வாரம் ஒருக்கா பாரு.

பொங்கலுக்கு வந்து ஏற்காடு ஏறணும்ங்கற, ஏறு, ஆனா எறங்குறதுதான் எனக்கு பயம். 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்க புடிச்சுகிட்டே வந்தா, ரிம்ம புடிக்கிற பிரேக்குல ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டு புடி, நடுவுல நிறுத்தி ஆற விடு, டிஸ்க் பிரேக்னா ரிம் சூடாகாது, ஆனாலும் வேகம் வேண்டாம் சாமி.

உன் வண்டி வால்வு பைக்ல இருக்கற மாதிரி தடிச்சதா, இல்ல ஒல்லியா நுனில திருகு வச்சதா? ஒரு போட்டோ அனுப்பு, டயர் சைஸும் தெரியற மாதிரி எடு. ஒல்லி வால்வு டியூப் எல்லா கடையிலயும் இருக்காது, ஜங்ஷன் பக்கம் போறப்போ விசாரிச்சு ரெண்டு வாங்கி வச்சிடறேன்.

அப்பா