பாட்டாவின் டூல்ஸை இனங்கண்டு தந்தவர்களுக்கு நன்றி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து அன்பர்களுக்கும், போனிலேயே கைகொடுத்த கோயம்புத்தூர் நண்பருக்கும் வணக்கம்.

எங்கள் பாட்டாவின் மோரிஸ் மைனர் கார் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் பழைய மாடல் அது. அதற்குரிய டூல்ஸ் எவை, இடையில் வந்து சேர்ந்தவை எவை என்று பிரித்துக் கொடுத்தவர்கள் நீங்கள். நேரில் சொன்ன நன்றியை ஊரறியவும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வடசேரி மேஸ்திரி அண்ணாச்சி. மச்சில் கிடந்த கித்தான் பையைப் பிரித்தால் எல்லாம் ஒரே துரு. கடற்காற்று அடிக்கும் ஊரில் இரும்பு வேறு எப்படி இருக்கும்? கிரைண்டரில் பிடித்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அண்ணாச்சி ஒரே வார்த்தையில் தடுத்துவிட்டார். "எழுத்து போச்சுன்னா பொறவு எதை வச்சுக் கண்டுபிடிக்கது?" மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்தார். துடைத்த இரும்பின் மேல் சாக்பீஸை அழுத்தி உரசி, மேலே நின்ற பொடியைத் துணியால் வழித்தார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரில் புல்டாக் நாய் ஒன்று தெளிந்து வந்தது. பர்மிங்காம் அபிங்டன் கிங் டிக் கம்பெனியின் முத்திரை அது. பழைய டூல்ஸ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தச் சாக்பீஸ் வேலையைச் செய்து பாருங்கள்.

விரல் நீளம்கூட இல்லாத ஒரு தகடும் பைக்குள் இருந்தது. ஒரு முனை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி, மறுமுனையில் மெல்லிய இலை ஒன்று ரிவெட் அடித்திருந்தது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், தொட்டு விலகும் பாயிண்டுகளின் இடைவெளி வைப்பதற்கானது என்று அண்ணாச்சி பார்த்ததுமே சொன்னார். எங்கள் காருக்கு அந்த இடைவெளி 0.014 முதல் 0.016 இஞ்ச்.

கோட்டாற்றில் இருக்கும் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஒரு ஸ்பேனரில் 1/4 என்று அடித்திருந்தது. வாயை வெர்னியரில் அளந்தால் 0.525 இஞ்ச்! அது விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு முறை ஸ்பேனர், அதில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் தடிமனைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல என்று ஐயா விளக்கினார். ஏ.எஃப். (அக்ராஸ் ஃபிளாட்ஸ், அதாவது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) என்று அடித்த ஸ்பேனரில் எண்தான் வாயின் அகலம். 1/2 என்றால் அரை இஞ்ச். இரண்டுக்கும் வித்தியாசம் 0.025 இஞ்ச். பார்த்தால் தெரியாது. அரை இஞ்ச் நட்டில் அந்த விட்வொர்த்தை மாட்டித் திருகினால் வழுக்கி, நட்டின் மூலையெல்லாம் மழுங்கிப்போகும். முன்பு காரை விட்டிருந்த ஒர்க்ஷாப்பில் நட்டுகள் ஏன் அப்படி உருண்டு போயின என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அப்புறம் கோயம்புத்தூர் நண்பர். பழைய கார்கள் சேகரிப்பவர், போட்டோக்களைப் பார்த்தே பிரித்துவிட்டார். ஆஸ்டினும் மோரிஸும் 1952இல் ஒன்றாகச் சேர்ந்தன. அதன் பிறகு மைனருக்கு வந்தது ஆஸ்டினின் 803 சிசி என்ஜின். பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948இல் ஒத்துக்கொண்ட புது மரையில்தான் அதன் போல்ட்டுகள் பெரும்பாலும் இருக்கும், அவற்றின் தலை ஏ.எஃப். அளவில் அமைந்தது, ஆகவே ஏ.எஃப். ஸ்பேனர்களும் பிளக் ஸ்பேனரும் உங்கள் காருக்குரியவை என்றார். அப்படியானால் விட்வொர்த் ஸ்பேனர்கள் யாருடையவை? தக்கலை அத்தை சொன்னாள்: கார் வாங்கும் முன்பு பாட்டா பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தாராம். அந்த வண்டிக்கு விட்வொர்த்தான் பொருந்தும். வண்டி போய்விட்டது, ஸ்பேனர்கள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன. அவற்றைத் தனிப் பையில் வைத்திருக்கிறேன். அத்தைக்கு என்ன நன்றி சொல்ல, எங்கள் வீட்டு ஆள்தானே.

மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடைக்காரர், எடைக்குப் போக இருந்த ஜாக்கியை எங்களுக்காக எடுத்து வைத்தார். மைனரின் அடியில் பக்கவாட்டுக் குழாயில் செருகித் தூக்கும் வகை அது. அவருக்கும் நன்றி.

கடைசியாக, குலசேகரத்தில் இருக்கும் அக்கா. அவர்களுடைய அப்பாதான் பாட்டாவுக்கு வெகுகாலம் டிரைவராக இருந்தவர். நாங்கள் தேடுவது காதில் விழுந்ததும், என்ஜினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்ய அப்பா வைத்திருந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் பேப்பரில் சுற்றி, பஸ் ஏறி வந்து கொடுத்தார்கள். முனையில் குறுக்கே நிற்கும் பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மேஸ்திரி அண்ணாச்சி அதை முன்பக்கத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார், கச்சிதமாகப் பிடித்தது. அக்கா பணம் எதுவும் வாங்கவில்லை. "அப்பா வச்சிருந்தது, காருக்குத்தானே போவுது" என்று சொல்லி, காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்தன்று காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, டூல்ஸை எல்லாம் பக்கத்தில் விரித்து வைக்கப்போகிறோம். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். குலசேகரத்து அக்கா, உங்களை அழைத்து வர நானே காரோடு வருகிறேன்.