நூறு வராத கூட்டல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போயிருக்கிறாய். முதல் வாரம் முழுவதும் பாதுகாப்பு வகுப்பிலும் சாவி, அடையாள அட்டை வாங்குவதிலுமே போய்விட்டது, கருவிப் பக்கம் யாரும் விடவில்லை என்று போனில் சலித்துக்கொண்டாய். அப்பாவிடமிருந்து நான் போனை வாங்குவதற்குள் வைத்தும் விட்டாய். மூன்று மாதத்தில் ஒரு வாரம் நஷ்டம்தான். ஆனால் கருவிக்குக் காத்திருக்கும் நேரத்திலும் வேலை உண்டு. பேராசிரியரை வாரம் ஒரு முறை பார்த்தால் அதிகம். தினமும் பக்கத்தில் நிற்கப்போவது உனக்கு வேலை காட்டித் தரும் பிஎச்.டி. மாணவர்தான். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரே ஒரு கேள்வி எது என்று பேசி முடிவு செய். எந்தக் கருவிக்கு எத்தனை நாள் முன்பே பெயர் பதிய வேண்டும், எந்த ரசாயனம் வந்து சேர வாரக்கணக்காகும் என்பதையும் இப்போதே கேட்டு வை. கோடை விடுமுறை வந்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மக்களே, பிளஸ் டூ பருமனறி பகுப்பாய்வு, அதாவது டைட்ரேஷன், நினைவிருக்கிறதா? பியூரெட் என்ற அளவுக் குழாயின் அளவீடு அடுத்தடுத்து இரண்டு முறை ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் நம் பிள்ளைகள் மூன்றாம் முறை செய்ய மாட்டார்கள்; முதல் வரியில் எழுதியதையே இரண்டாம் வரியிலும் எழுதிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் வகுப்பு முழுவதற்கும் 18.4 வந்திருக்கும். அது வேதியியல் இல்லை, பக்கத்து பெஞ்சு.

நீ இருக்கிற ஃப்ரைபெர்க்கில்தான் 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் என்ற வேதியியலாளர் ஆர்ஜிரோடைட் என்ற புதுக் கனிமத்தைப் பகுத்துப் பார்த்தார். வெள்ளி, கந்தகம் என்று கிடைத்ததையெல்லாம் கூட்டினால் 93 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் ஏழு குறைந்தது. நம்மூர் ரெக்கார்டாக இருந்திருந்தால் அந்த ஏழும் வெள்ளியோடு போய்ச் சேர்ந்திருக்கும்! அவர் விடவில்லை. அந்த ஏழில் ஒளிந்திருந்ததுதான் ஜெர்மானியம். 1871இலேயே தனிம வரிசை அட்டவணையில் மெண்டலீவ் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, எகா-சிலிக்கான் என்று பெயரும் வைத்திருந்த தனிமம்.

அதனால் உன் நோட்டில் வந்ததை வந்தபடி எழுது. பேனாவால் எழுது, ஒயிட்னர் தொடாதே, தப்பென்றால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுது. எந்தப் புட்டி, எத்தனை கிராம், என்ன வெப்பநிலை என்பதெல்லாம் அன்றன்றே ஏற வேண்டும். இரவு அறைக்குப் போய் நினைவிலிருந்து எழுதுவது கதை. வாராந்தரக் கூட்டத்தில் உன் முறை வரும்போது, சரியாக வராததை முதலில் காட்டு. அதற்குத்தான் மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். இங்கே வாய் திறக்காத பிள்ளைக்கு அடக்கமான பிள்ளை என்று பெயர். அங்கே புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இன்னொன்று: நோட்டும் அளவீடுகளும் ஆய்வகத்துக்குச் சொந்தம். கேட்காமல் லேப்டாப்பில் அள்ளிக்கொண்டு வராதே. நம் கல்லூரிக் கருத்தரங்கில் காட்டுவதற்கும் அனுமதி வேண்டும்.

அருமண் (ரேர் எர்த்) தனிமங்களைப் பிரிக்கிற ஆய்வகம் என்பதால் சொந்த ஊரைக் கேட்பார்கள். உடனே சூரியோதயம், வள்ளுவர் சிலை என்று ஆரம்பிக்காதே. நம் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலைச் சொல். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருப்பதை 1909இல் கண்டுபிடித்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அதிலுள்ள தோரியம் அன்றைக்குக் கேஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டியிருந்தது. நம் பரணில் கிடக்கிற பெட்ரோமாக்ஸுக்கும் அந்த வகை மேண்டில்தான். அதே மணலை எடுக்கக் கூடாது என்று கிள்ளியூர்ப் பக்கம் மக்கள் போராடுவதையும் மறைக்காமல் சொல். பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறவளுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வாராவாரம் பிராக், பாரிஸ் என்று படம் போடும் உன் சீனியர்களை நானும் பார்க்கிறேன். ட்ரெஸ்டன் நகரமும் உனக்குப் பக்கம்தான், போய் வா. ஆனால் அதற்கு முன் உன் பல்கலைக்கழகத்துக்கே சொந்தமான பயிற்சிச் சுரங்கத்தில் இறங்கிப் பார். கோட்டைக்குள் டெரா மினராலியா என்ற கனிமக் காட்சியகம் இருக்கிறதாம்; இந்தியக் கற்கள் இருந்தால் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

பரிந்துரைக் கடிதத்தை ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்காதே. கிளம்பும் முன் அறிக்கையைக் கையில் கொடுத்து, நேரில் கேள். கோப்புகளுக்கு அடுத்து வருகிறவருக்கும் புரிகிற மாதிரி பெயர் வை. 'ஃபைனல் 2' என்றெல்லாம் வைத்தால் உனக்கே புரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. அரிசியும் தயிரும் சனிக்கிழமையே வாங்கிவிடு. பெட்டியில் வைத்த ஏத்தங்காய் சிப்ஸில் ஒரு பாக்கெட் ஆய்வகத்துக்கு. நான் பள்ளி விட்டு வரும் நேரம் உனக்கு மதியம், அப்போது கூப்பிடாதே. நமக்கு இரவு ஒன்பதரை என்றால் உனக்கு ஆறு மணி, அப்போது பேசு. முதல் கூட்டத்தில் உன்னை என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அம்மா