கூலர் வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் வாடகை வீட்டுக்காரர்கள் கேட்பது, "எத்தனை லிட்டர் கூலர்?" என்பதுதான். லிட்டர் என்பது தொட்டிக் கணக்கு. தண்ணீர் எத்தனை நேரத்துக்கு வரும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது காற்றின் அளவை. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் காற்று முழுதும் மாற வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 600 கன அடி. பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் சுமார் 1,000 இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம் ஜன்னல். கூலரின் முதுகு திறந்த ஜன்னலை ஒட்டி இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். ஏ.சி. மாதிரி எல்லாவற்றையும் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அரை மணியில் உடம்பு பிசுபிசுக்கும். அதற்குக் கூலரைத் திட்டிப் பயனில்லை. ஒரே ஜன்னல்தான், எதிரே கதவையும் திறந்து வைக்க முடியாது என்ற அறைக்குக் கூலரே வேண்டாம் என்போம்.

கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. சித்திரை, வைகாசி மதியங்களில் நம் பக்கக் காற்று வறண்டிருப்பதால் அது எடுபடும். ஐப்பசி மழையில் எடுபடாது. சந்தேகம் இருந்தால் சுவரில் மாட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டரின் குமிழில் ஈரப் பருத்தித் துணி சுற்றி, ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் வையுங்கள். (காய்ச்சல் பார்ப்பது இதற்கு ஆகாது.) 10 டிகிரி இறங்கினால், நல்ல கூலரின் காற்று 7 டிகிரி வரை குறைந்து வரும். 4 டிகிரிதான் இறங்கியது என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். தொட்டியில் ஐஸ் போடுவதும் வீண்வேலை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் சூட்டைப்போல் ஏழு மடங்கை ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போதே இழுத்துவிடுகிறது.

போர் தண்ணீரின் உப்பு, கூலரில் தண்ணீர் நனைக்கும் தேன்கூட்டு அட்டையில் (ஹனிகோம்ப் பேட்) வெள்ளையாகப் படிந்து காற்றை அடைக்கும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, தேய்த்துக் காயவிட்டால் உப்பும் குறையும், கொசுவும் பெருகாது.

180 வாட் கூலர் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். ஒரு டன் ஏ.சி. இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இழுக்கும்; வீட்டின் இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், குறைவாகச் செலவழிப்போருக்கான மலிவுக் கட்டணமும் கைவிட்டுப் போகும்.

மாடி வீடென்றால் கான்கிரீட் தளம் பகலில் குடித்த சூட்டை இரவில் கக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டைமாடிக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பிறகு கூலரை யோசிக்கலாம். முற்றம் வைத்த பழைய வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தவர்களுக்குச் சுவரின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த வீடுகளின் பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் கிடையாது. எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டைப் பாயின்டில் கூலரைச் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்த பிறகே ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கூலர், ஏ.சி. பழுதுபார்ப்போர் சிலர்,
காரைக்குடி.