பெட்போர்டிலிருந்து பெட்போர்டுக்கு

பெட்போர்டு, இங்கிலாந்து
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பி குடும்பமும் நலமா? ஊட்டி வர்க்கி வந்து சேர்ந்தது. பாதி பொடியாகத்தான் வந்தது. டீயில் கொட்டிக் கரண்டியால் அள்ளித் தின்றேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் இங்கே கத்த, நீங்கள் அங்கே "என்ன? என்ன?" என்று கேட்க, நடுவில் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்ள, நாம் இருவரும் ஒரு விஷயத்தை முழுதாகப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. 40 வருடம் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இருந்த காது, அதன்மேல் குற்றமில்லை. கடிதமென்றால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படிப்பீர்கள். தம்பி அனுப்பிய படத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கார் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போய்வருகிற கார் அப்படியே இருக்கிறது, இது இரண்டாவது. ஓடாது. நான்கு சக்கரத்தில் மூன்றுதான் சுழலும். 1970இல் செய்த எம்.ஜி.பி.; இரண்டு பேர் உட்காரலாம், கூரைக்குப் பதில் மடக்குகிற துணி. ஒரு விவசாயியின் கொட்டகையில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் 22 வருடம் கிடந்திருக்கிறது. 1,800 பவுண்டு கொடுத்தேன். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கவில்லை.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். இங்கே வந்து இது நான்காவது குளிர்காலம். குன்னூர்க்காரிக்குக் குளிர் என்ன புதிதா? ஜனவரியில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. என்னை மடக்கிப் போட்டது இருட்டு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே விளக்கு போட வேண்டும். இரவு டியூட்டி முடிந்து, தூங்கி எழுந்து ஜன்னலைத் திறந்தால் மறுபடியும் இரவு. வார்டில் ஓயாத பேச்சு. வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் சத்தம் ஒன்றுதான் துணை. வீட்டோடு சேர்ந்த கார் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. கையும் சும்மா கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இத்தாலியர். 1950களில் இந்த ஊர்ச் செங்கல் சூளைகளுக்கு ஆள் போதாமல் தெற்கு இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அப்படி வந்தவரின் மகன். என் ஊரிலும் ஒரு பெட்போர்டு இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு அதுதான் பஸ் நிறுத்தம் என்று சொன்னபோது நம்பவில்லை. வரைபடத்தில் மேல் குன்னூரைக் காட்டிய பிறகுதான் சிரித்தார். அவர் வேலை பார்த்த இடத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். டன்ஸ்டபிளில் இருந்த பெட்போர்டு லாரித் தொழிற்சாலை. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். நீங்கள் சின்ன வயதில் கிளீனராகப் போன லாரியின் நெற்றியில் எழுதியிருந்தது இந்த ஊர்ப் பெயர்தான், அப்பா. வெல்டிங் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

இனி உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வாங்கிய மறுநாள் பானட்டைத் தூக்கி, ராக்கர் கவரைக் கழற்றினேன். கறுத்த எண்ணெய்க்குள் ஷாஃப்டும் வால்வை அழுத்துகிற எட்டு ராக்கரும் வரிசையாக நிற்கின்றன. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது: பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் ஷெட்டில் மண்ணெண்ணெய்த் தட்டில் நான் கழுவிய அதே வரிசை. அம்பாசடர் இன்ஜின்!

சும்மா சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்பம். நம் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு, ஆக்ஸ்போர்டை ஒட்டிய கவ்லியில் பிறந்தது. எம்.ஜி. என்பதே அதே ஆக்ஸ்போர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற கடையின் முதலெழுத்துகள். இன்ஜினுக்கு பி-சீரீஸ் என்று பெயர். நம்முடையது 1,489 சி.சி.; அதையே பெரிதாக்கி 1,798 ஆக்கி இதில் வைத்திருக்கிறார்கள். கிராங்க் ஷாஃப்டைத் தாங்குகிற மெயின் பேரிங் நம்முடையதில் மூன்று, இதில் ஐந்து. கார்புரேட்டர் இரண்டு. சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், அதே ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒரே வீட்டுப் பெண்கள். ஒருத்தி வங்காளத்து உத்தரபாராவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் 2014 வரை பிள்ளை பெற்றாள், இன்னொருத்தி ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்து அபிங்டனிலேயே இருந்து 1980இல் கடையைக் கட்டிவிட்டாள்.

ஸ்பேனரும் அதேதான். இங்கே என் வயது மெக்கானிக்குகள் பத்து, பதின்மூன்று என்று மில்லிமீட்டரில் வளர்ந்தவர்கள். எனக்கு மட்டும் நட்டைத் தொட்டதும் "ஒன்பதுக்குப் பதினாறு" என்று உங்கள் குரல் கேட்கிறது. நீங்கள் வண்டிக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டுவீர்கள். நான் சரியான ஸ்பேனரை வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் ஒன்றும் சொல்லாமல் அப்படியே திருப்பி நீட்டுவீர்கள். பதின்மூன்று வயதில் "பெரிய பிள்ளைக்கு ஷெட்டில் என்ன வேலை" என்று பாட்டி நிறுத்திவிட்டாள். அன்று நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்கு வெகு நாள் வருத்தம். இப்போது இல்லை. எழுத வந்ததால் எழுதிவிட்டேன்.

இன்ஜின் பெரிய தொல்லை தரவில்லை. பிளக் ஓட்டையில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விட்டுச் சுற்றினேன், சுற்றியது. வயரிங்கைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், அதனால் விடுகிறேன். வண்டியைக் கொன்றது துருதான்.

நம் ஊரில் மூடுபனியும் மழையும் தகரத்தைத் தின்னும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைக்கு ரெட் ஆக்சைடு அடிக்கவில்லையென்றால் தையில் வானம் தெரியும். இங்கே மனிதர்களே துருவை விலைக்கு வாங்கிச் சாலையில் தூவுகிறார்கள். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க லாரி லாரியாகக் கல் உப்பு. அது தண்ணீரோடு கலந்து வண்டியின் அடிவயிறெல்லாம் தெறிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். இரண்டு தகடு ஒட்டிய இடுக்கில் புகுந்ததென்றால் ஊதிப் பிதுக்கி இரண்டையும் பிரித்துவிடும். பிரிந்த இடத்தில் இன்னும் உப்புத் தண்ணீர். துருவைத் தேய்க்க நாம் எடுப்பதும் உப்புத்தாள். அந்தப் பெயரை வைத்தவரைப் பார்க்க வேண்டும்.

கதவுக்குக் கீழே, படிபோல் நீளமாக ஓடுகிற பெட்டிப் பகுதியை இங்கே சில் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், பிடிவரை உள்ளே போனது. பெயர்த்தால் ஓட்டையை மறைக்கப் பூசுகிற பட்டி. பட்டிக்குப் பின்னால் கோழிக்கூண்டுக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள், கால்பந்து முடிவுகள் அச்சான பக்கம். தகடு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னார். அர்த்தம் கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார். நீங்களும் டாக்சிக்காரர்களுக்குப் பட்டி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் "ஒரு மழை தாங்கும், அடுத்த மழைக்குத் தகடு மாற்ற வேண்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் காசு வாங்குவீர்கள். இந்த ஆள் யாரிடம் என்ன சொன்னானோ.

இந்த வண்டிக்கு மேலே கூரை கிடையாது. அதனால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது இந்தச் சில்தான். முதுகெலும்பு மாதிரி. எனக்கு அது தெரியும், தெரிந்தும் அவசரப்பட்டேன். கதவு இடைவெளியின் குறுக்கே ஆங்கிள் இரும்பு ஒன்றைப் பற்றவைத்து உடம்பை விறைப்பாக்கிவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது, பெரியவர் மாதா கோவிலுக்குப் போயிருந்தார், நான் கிரைண்டரை எடுத்துவிட்டேன். வலது பக்கம் பழையதை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வைத்து, ஓட்டை போட்டு ஓட்டை போட்டுப் பற்றவைத்து முடிக்க நான்கு நாள் விடுமுறை போனது. வண்டியை இறக்கி, கதவை மூடினேன். மூடவில்லை. கதவின் மேல் மூலை பின்தூணில் போய் இடித்தது. நடு உடம்பு ஐந்து மில்லிமீட்டர் தொய்ந்துவிட்டது.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பெரியவர் திட்டவில்லை. தன் வீட்டிலிருந்து இரண்டு ஜாக்கி கொண்டுவந்தார். போட்ட வெல்டிங்கை எல்லாம் நானே துளைத்து எடுத்தேன். பிறகு தரைக்கு அடியில் ஜாக்கியை வைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் தூக்கினோம். ஒவ்வொரு முறையும் கதவு இடுக்கில் ஒரு மரத் துண்டை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பார்ப்பது. மேலே சிக்கினால் இன்னும் கால் சுற்று. மாலை மூன்று மணிக்கு அந்தத் துண்டு எங்கும் நிற்காமல் கீழ்வரை வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் குறுக்கு இரும்பு, அதன் பிறகுதான் புதுத் தகடு. இடது பக்கத்தை ஒழுங்காகச் செய்தேன்.

இங்கே ஒன்றைப் பாராட்ட வேண்டும். அபிங்டன் தொழிற்சாலையை மூடி 44 வருடம் ஆகிறது, ஆனாலும் இந்த வண்டிக்கு வேண்டிய சாமான் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி அல்லவா! பழைய அச்சுகளை எடுத்து வைத்து, 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள். இன்று சொன்னால் மறுநாள் வாசலில் பெட்டி நிற்கிறது. நீங்கள் ஒரு வைப்பர் மோட்டாருக்காக விடிகாலை பஸ்ஸில் மலையிறங்கி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வருவது நினைவுக்கு வரும். ஆனால் கூலி? கராஜில் கேட்டேன், மணிக்கு 80 பவுண்டு என்றார்கள். அதனால்தான் இந்த ஊரில் வக்கீலும் வாத்தியாரும் ஞாயிற்றுக்கிழமை ஓவராலைப் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் கிடக்கிறார்கள். யாரும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. 40 வருடத்தைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் நம் எஃப்.சி. போன்ற வருடாந்தரச் சோதனையும் கட்டாயமில்லை. பிரேக் சரியாக இருக்கிறதா என்பது நம் மனசாட்சிக்கு விட்டது. நான் எதற்கும் ஒரு சோதனைக்குக் கொண்டுபோகத்தான் போகிறேன்.

இப்போது தம்பி அனுப்பிய படம். தார்ப்பாய் கிழிந்து, இடது முன் டயர் காற்றிறங்கி, நம் அம்பாசடர் ஷெட்டோரம் சாய்ந்து நிற்கிறது. கூடவே "காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எனக்குத் தெரியாததா?

கொடுக்க வேண்டாம், அப்பா. அது 1974 வண்டி. பதிவாகி 50 வருடத்தைத் தாண்டிய வண்டியை, அசல் உருவம் மாறாமல் இருந்தால், பழம்பெரும் வாகனமாகத் தனி எண்ணில் பதியலாம் என்று 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தம்பி கோத்தகிரிக்குக் காய்கறி ஏற்ற முடியாது. அந்தப் பதிவு வேண்டுமா வேண்டாமா என்று பிறகு யோசிப்போம். ஷெட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவன் சொல்வதும் நியாயம்தான். இடத்துக்கு மாதம் ஏதாவது அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வான்.

நான் டிசம்பரில் வருகிறேன். அதுவரை இதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். நாலு பக்கமும் கல் அடுக்கி டயரைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். தார்ப்பாய் உடம்பில் ஒட்டக்கூடாது, கம்பு கட்டி மேலே பந்தல் மாதிரி நிற்க வேண்டும். ஒட்டினால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும். பிளக் நான்கையும் கழற்றி ஆளுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய். மாதம் ஒரு முறை ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்று. ஹேண்டில் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றியிருக்கும். உங்களுக்கே தெரியும், தம்பிக்குத்தான் தெரியாது. சுற்றும்போது நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். காது கேட்காவிட்டால் பரவாயில்லை, பானட்டின்மேல் கையை வைத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு ஒன்று வேண்டும். மட்கார்டு வளைவை எடுக்க இங்கே விற்கிற ரப்பர் சுத்தி எதுவும் சரிப்படவில்லை. உங்கள் புளியங்கட்டைச் சுத்தியை அனுப்ப முடியுமா? தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க, தண்டவாளத் துண்டில் செய்த டாலியும் ஆசைதான். ஆனால் அதன் தபால் செலவுக்கு இன்னொரு கார் வாங்கிவிடலாம். சுத்தியின் ஒரு முகம் லேசாகப் பிளந்திருக்கும், அதைச் சீவ வேண்டாம். அப்படியே வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
அம்மிணி

பின்குறிப்பு: அம்மா கேட்டால் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். 1,800 வருகிற வரியை மட்டும் இருமிவிட்டுத் தாண்டிவிடுங்கள்.