மீனுக்கு ஐஸ் உண்டு, ஓடுகிறவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால் நம் பக்கத்தில் ஓட்டப் போட்டிகளின் காலம். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான். அதற்கு முன்னும் பின்னும் சங்கங்களும் கல்லூரிகளும் நடத்தும் 5, 10, 21 கி.மீ. ஓட்டங்கள். இவற்றுக்காக ஆகஸ்ட், செப்டம்பரிலேயே புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடலூர் சில்வர் பீச்சிலும் விடியும் முன்பே ஆட்கள் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். நாலரைக்கு எழுந்து ஓடி முடித்து, எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்கள் கையில் இருக்கும் பயிற்சி அட்டவணைகள் ஏறக்குறைய எல்லாமே குளிர்ந்த ஊர்களுக்காகப் போட்டவை. எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று இருக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் என்று ஒரு வரிகூட இருக்காது. ஓடுகிறவர்களானாலும் போட்டி நடத்துகிறவர்களானாலும், இந்தக் கரையில் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது புழுக்கத்தை. தூரமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

65 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 65 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடு. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் சுமார் 500 கலோரி சூட்டை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கலோரியைக் கொண்டுபோகும். ஆக, மணிக்கு 850 மில்லிக்கு மேல் ஆவியாக வேண்டும். தரையில் சொட்டுகிற வியர்வை இந்தக் கணக்கில் வராது. அது உடம்பைக் குளிர்விப்பதே இல்லை. ‘நல்லா வேர்த்தது, நல்ல பயிற்சி’ என்பது நம் ஊரில் பாதி உண்மைதான். வேர்த்தது உண்மை, குளிர்ந்ததா என்பது வேறு கேள்வி.

விடியற்காலை 27 டிகிரிதானே என்று கிளம்புகிறவர்கள் செல்போனில் டியூ பாயிண்டையும் பார்க்க வேண்டும். காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. அது ஏற ஏற வியர்வை ஆவியாவது குறையும். 27 டிகிரியில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால் டியூ பாயிண்ட் 24ஐத் தாண்டிவிடும். ஓடுகிறவர்களிடையே புழங்கும் நடைமுறைக் கணக்கு இது: 20க்குக் கீழே இருந்தால் அட்டவணை சொல்லும் வேகத்தில் ஓடலாம். 20 முதல் 23 வரை கிலோமீட்டருக்கு 10 முதல் 20 விநாடி கூட்டிக்கொள்ள வேண்டும். 24ஐத் தாண்டினால் 30 முதல் 45 விநாடி. 26 என்றால் அன்றைக்கு நீண்ட ஓட்டத்தைப் பாதியாக வெட்டிவிடுவது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான் இங்கே 20ஐ ஒட்டி இறங்கும். மற்ற மாதங்களில் கடிகாரத்தோடு சண்டை போடுவதில் பயனில்லை. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்த்தால் போதும். அதே வேகத்துக்குப் புழுக்கத்தில் நாடித்துடிப்பு 10, 20 கூடுதலாக ஏறும். அதைப் பார்த்து ‘ஸ்டாமினா குறைந்துவிட்டது’ என்று மறுநாள் இன்னும் வேகமாக ஓடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். தினமும் ஒரு மணி நேரம், மெதுவாக. பழகிய உடம்பு சீக்கிரம் வேர்க்க ஆரம்பிக்கும், வியர்வையில் உப்பும் குறையும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழக்கம் போய்விடும். பகலெல்லாம் ஏசி அலுவலகம், இரவு ஏசி அறை, காலையில் மட்டும் கடற்கரை என்று இருப்பவர்களுக்கு இது மெதுவாகத்தான் வரும்.

தண்ணீர் விஷயத்தில் ஆளுக்கு ஆள் அளவு மாறும். பக்கத்தில் ஓடுகிறவரைக் கேட்டுப் பயனில்லை, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். 100 கிராம் வரை காட்டும் எடை மெஷின் போதும். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட வேண்டும், வழியில் குடிக்கும் தண்ணீரை அளந்துகொள்ள வேண்டும். வந்ததும் தலைமுடி வரை துடைத்துவிட்டு மறுபடி உடையில்லாமல் எடை. நனைந்த பனியனோடு மெஷினில் ஏறினால் கணக்கே கெட்டுவிடும், பருத்தித் துணி அவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். போகும்போது 68.4, வந்தபோது 67.2, நடுவில் குடித்தது 300 மில்லி என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்வை. புழுக்கமான நாள் ஒன்றிலும் மழை பெய்து ஓய்ந்த நாள் ஒன்றிலும் பார்த்து வைத்தால் வருஷத்துக்குப் போதும்.

போனது அத்தனையையும் ஓடும்போதே குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பாதகமில்லை. மேலே சொன்ன ஆளுக்கு இரண்டு மணி நேர ஓட்டத்தில் 3 லிட்டர் போகும். சுமார் 1.4 கிலோ குறையலாம் என்றால் மிச்சம் 1.6 லிட்டர், அதாவது மணிக்கு 800 மில்லி. அதற்கு மேல் ஊற்றினால் வயிற்றில் குலுங்கும். ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால் அது அபாயம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போய் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இது அபூர்வம். மெதுவாகப் போய், ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் ‘குடிங்க, குடிங்க’ என்று நீட்டப்படும் டம்ளரை மறுக்காமல் வாங்குகிறவர்களுக்குத்தான் வரும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் உப்பு (தலை தட்டிய டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு), 40 கிராம் சர்க்கரை (தலை தட்டிப் பத்து டீஸ்பூன்), அரை மூடி எலுமிச்சை. இதில் சோடியம் 780 மில்லிகிராம் சொச்சம் வரும். கறுப்புத் தொப்பியில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் உப்பை 3 கிராம் வரை கூட்டலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம், சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிக்கலாம். நீர்மோரும் முடித்த பிறகுதான், நடுவில் குடித்தால் பலருக்கு வயிறு புரட்டும். சாப்பாட்டுக் கணக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 20, 25 கிராம் கிடைத்துவிடும். கடலை மிட்டாய் வேண்டாம். கடலையில் உள்ள எண்ணெய் வயிற்றில் தங்கும், தொண்டையும் அடைக்கும்.

வார அட்டவணையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாலு நாள் ஓட்டம், ஒரு நாள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உடற்பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவாக. நீண்ட ஓட்டத்தின் தூரத்தை வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, நாலாவது வாரம் குறைக்க வேண்டும். முழு மாரத்தானுக்கே பயிற்சியில் 32 கி.மீ.க்கு மேல் தேவையில்லை. கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

இடம் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனம் வராது என்பது பெரிய வரம். ஆனால் அது ஒன்றரை கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், நீண்ட ஓட்டத்துக்கு அங்கேயே போய்ப் போய்த் திரும்ப வேண்டும். அலுப்பாக இருக்கும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் ஓரமாகவே ஓடுவார்கள். ரோடு ஓரத்தில் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும், சில வாரத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கும். போகும்போது ஓடிய அதே ஓரத்திலேயே, எதிரே வரும் வண்டியைப் பார்க்காமல் திரும்புவது ஆபத்து என்பதால் இதற்குச் சுலபமான தீர்வும் இல்லை. சரிவில்லாத உள் தெருக்களைத் தேடுவதுதான் வழி. சில்வர் பீச் மணலில் வாரம் ஒரு நாள் இருபது நிமிடம் போதும், உதிரி மணலில் குதிகால் தசைநார் இழுத்துக்கொள்ளும். ஏற்றம் வேண்டுமென்றால் கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை இருக்கிறது. ஆரோவில் மாரத்தானுக்குப் போகிறவர்கள் செம்மண் பாதையில் கொஞ்சமாவது ஓடிப் பழகிவிட்டுப் போகட்டும்.

இந்தப் பயிற்சி மாதங்களில்தான் மழையும் புயலும் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பிப்ரவரிக்குத் தயாராகிறவர்கள் தூரத்தைக் கூட்ட வேண்டிய நேரம். ஒரு வாரம் போனால் போனதுதான், விட்ட தூரத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடினால் காலில் காயம் நிச்சயம். தேங்கிய நீரில் இறங்கி ஓடவே கூடாது, மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கிறதென்று தெரியாது. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாற்றினால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். தங்கள் நாளிதழும் இதற்கு நன்றாகவே பயன்படும்.

இனி, போட்டி நடத்துகிறவர்களுக்கு. ஓடுகிறவர் விழுந்தால் நம் ஊரில் உடனே நடப்பது மூன்று: கூட்டம் சூழும், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றிக் குளுக்கோஸ் ட்ரிப் போடுவார்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால் தயங்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், அது வேறு. மூச்சு இருக்கிறது, ஆனால் தள்ளாடுகிறார், பெயர் கேட்டால் உளறுகிறார், எரிந்து விழுகிறார் என்றால் வெப்பத் தாக்காக இருக்கலாம். உடம்பின் உள் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது, ஓடுகிறவர்களுக்கு வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நிற்காமலே இருக்கும். நெற்றியிலும் அக்குளிலும் வைக்கும் தெர்மாமீட்டர் இங்கே பொய் சொல்லும். திரை மறைவில் ஆசனவாய் வழியாகப் பார்ப்பது ஒன்றே நம்பகமானது. விழுந்த அரை மணிக்குள் சூட்டை இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைப்பார்கள். அதனால் முதலில் அங்கேயே குளிர்விக்க வேண்டும், பிறகுதான் ஆம்புலன்ஸ். உளறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சோடியம் இறங்கி மயங்கியவருக்குக் குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

குளிர்விக்க என்ன வேண்டும்? ஒரு ஆள் உட்காரும் அளவு பிளாஸ்டிக் தொட்டி, 150 லிட்டர் தண்ணீர், 30 கிலோ ஐஸ். 30 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் அதில் 11, 12 டிகிரிக்கு இறங்கும். ஐஸ் பாரை அப்படியே போட்டால் கரைய நேரமாகும், உடைத்து வாங்க வேண்டும். தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் விடியற்காலையிலேயே மீனுக்காக ஐஸ் உடைத்துக் கொடுக்கிறார்கள். படகுக்குப் போகும் ஐஸில் இரண்டு பெட்டி ஓட்டம் முடியும் இடத்துக்கு வந்தால் போதும். அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் போடுவதற்கு இல்லை என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும், தொண்டர்கள் மறந்துவிடுவார்கள்.

ஆளைக் கழுத்து வரை இறக்கி, அக்குள் வழியாக ஒரு துண்டைக் கொடுத்து ஒருவர் பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பை ஒட்டிய நீர் மட்டும் சூடாகி நின்றுவிடும். நிமிடத்துக்குச் சுமார் 0.2 டிகிரி இறங்கும். 39க்கு வந்ததும் வெளியே எடுக்கலாம். அளக்க வழியில்லை என்றால் பத்துப் பதினைந்து நிமிடம், அல்லது நடுக்கம் எடுக்கும் வரை. பாதி வழியில் விழுகிறவருக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அங்கே தார்ப்பாய் போதும். ஐந்தாறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஆளும் ஐஸ் தண்ணீரும் நிற்கும். மொத்தச் செலவு, மேடைக்குப் போடும் பேனர் செலவைத் தாண்டாது.

தண்ணீர்ப் பந்தல் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று, ஒன்று விட்டு ஒன்றில் உப்புக் கரைசல், எது எது என்று பெரிய எழுத்தில். எல்லாவற்றையும்விட முக்கியம் கிளம்பும் நேரம். 21 கி.மீ. ஓட்டம் நாலரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம் எடுப்பவரும் ஏழரைக்குள், வெயில் உறைக்கும் முன் முடித்துவிடுவார். சிறப்பு விருந்தினருக்குக் காத்திருந்து, வாழ்த்துரை முடிந்து ஆறேகாலுக்குக் கொடியசைத்தால் அதே ஆள் ஒன்பதேகால் வரை ஓட வேண்டும், அதுவும் பயிற்சி குறைந்த ஆள். விருந்தினரைப் பரிசளிக்க அழைத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.